பாதை ஏறி ஆறு கடந்த காலம்: திருகோணமலை – மட்டக்களப்புக் கரையோர வழியின் கதை



கிழக்கிலங்கையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பாதை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்தது. மனிதர் நடந்தும் வண்டிச் சில்லு உருண்டும் உண்டான வழி. மற்றது, ஆற்றையும் களப்பையும் கடப்பதற்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவை. துறையடியில் நிற்கும் ஒருவர் "பாதை வந்திட்டுதா?" என்று கேட்டால் அவர் கேட்பது இந்த மிதவையைத்தான். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடுவதையும் யாழ்ப்பாணத்தார் இப்பெயராலேயே அழைப்பர். நம் மன்றத்தில் உள்ள தமிழகத்து அன்பர்கள் இதைக் கேட்டு, "பாதை எப்படி ஐயா வரும்?" என்று சிரிப்பதுண்டு.

சிரிப்பை ஒருபுறம் வைத்துவிட்டுச் சிந்தித்தால், அச்சொல்லில் ஒரு வரலாறே அடங்கியிருப்பது தெரியும். மண்ணில் போகும் வழி நீரில் முடிந்துவிடுகிறது. அக்கரையில் அது மறுபடியும் தொடங்குகிறது. நடுவே அந்த வழியின் வேலையைச் செய்வது மிதவை. ஆதலின் அதுவும் பாதையே என்று நம் முன்னோர் கொண்டனர் போலும். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகச் செல்லும் வழியில் இத்தகைய பாதைகள் பல இருந்தன. இன்று அவை இல்லை. அவற்றைப் பற்றிச் சில செய்திகளை நம் பிள்ளைகளுக்காக எழுதிவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர் சூழ்ந்த நிலம்

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கரையோர வழி சுமார் 130 கிலோமீற்றர். படத்தில் பார்த்தால் நேரான வழிதான். ஆனால் அந்நிலத்தில் நீர் பல கிளையாக ஓடுகிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி கங்கை, மத்திய மலைநாட்டில் பிறந்து, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. கடலை அணுகும்போது அது ஒரே ஆறாக இருப்பதில்லை. ஒரு கிளை தெற்கே பிரிந்து வெருகலாறாகிறது. இவற்றோடு தம்பலகாமக் குடாவின் வாயும், உப்பாறும், இறால்குழியும் குறுக்கிடுகின்றன. வெருகலுக்குத் தெற்கே சென்றால் வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனை என்று களப்புகள் தொடர்கின்றன.

ஆகவே வானிலோ பஸ்ஸிலோ புறப்பட்டவர்கள் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று துறைக்குத் துறை இறங்கி ஏறவேண்டியிருந்தது. அவசரக்காரர் இவ்வழியை நாடார். ஹபரணை, பொலன்னறுவை என்று உள்நாட்டுப் பக்கம் வெகுதூரம் சுற்றிப் போய்விடுவர். மூதூருக்கு மட்டும் போகவேண்டியவர்கள் திருகோணமலையில் லாஞ்சி ஏறிக் குடாவைக் குறுக்கே கடப்பர். கரையோரமாகவே போனவர்கள் யாரெனின், அவ்வூர்களில் வாழ்ந்தவர்களும், வியாபாரிகளும், கோயிலுக்குப் போகும் அடியார்களுமே ஆவர்.

கோணமலையும் கொட்டியாரமும்

இவ்வழியின் வடக்கு முனையில் திருக்கோணேசுவரம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான் பதிகம் பாடிய தலம் அது. 1620-களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா அக்கோயிலை இடித்து, அதன் கற்களையே கோட்டை கட்டுவதற்குப் பயன்படுத்தினான். அக்காலத்தில் அடியார்கள் திருவுருவங்களை மறைத்துக் காத்தனர் என்றும், அவற்றுள் சில தம்பலகாமத்திற் சேர்ந்து ஆதிகோணேசர் ஆலயம் எழக் காரணமாயின என்றும் மரபு கூறும். 1950 இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது சில விக்கிரகங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. பின்னர் கோயில் மீளக் கட்டப்பெற்று 1963 இல் கும்பாபிஷேகம் கண்டது.

கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், அத்தலத்துக்குத் தொண்டு செய்யவேண்டிய ஊர்களையும் குடிகளையும் பற்றிக் கூறுவது. அதிற் கொட்டியாரப் பற்றும் ஒன்று. கோணேசர் கோயிலுக்கும் ஆற்றுக்கு அப்பாலிருந்த வயலூர்களுக்கும் இடையே நெல்லும் எண்ணெயும் ஆட்களும் போய்வர ஒரு வழி இருந்தேயாக வேண்டும் என்பது இதனால் விளங்கும். மகாவலிக் கரையிலுள்ள திருக்கரைசைக்கும் ஒரு தலபுராணம் உண்டு. அகத்திய முனிவரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் தலம் அது. இவையெல்லாம் ஆறு கடந்து வழிபட்ட மக்களின் கோயில்கள்.

கொட்டியாரம் அந்நியர் கண்ணிலும் பட்ட இடமே. 1659 இல் மசூலிப்பட்டினப் பக்கம் வீசிய புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காக இக்குடாவுக்கு வந்தது. 1660 இல் கப்பல் தலைவனையும், அவன் மகன் ரொபர்ட் நொக்ஸையும், வேறு சிலரையும் கண்டியரசனின் ஆட்கள் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே மாண்டான். மகன் 1679 இல் தப்பியோடி, 1681 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டான். மூதூர்ப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில்தான் அவர்கள் பிடிபட்டனர் என்று சொல்லி, 1893 இல் ஆங்கிலேயர் அங்கே நினைவுக்கல் ஒன்று நாட்டினர். வெள்ளைக்காரன் பிடிபட்ட மரத்துக்கே கல் நாட்டப்பட்டது. அதே கரையில் தலைமுறை தலைமுறையாகக் கயிறு இழுத்து மக்களைக் கடத்திவிட்டவர்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை.

பாதை நடந்த விதம்

பாதையை அறியாத இளையவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்கிறேன். தட்டையான பெரிய மிதவைகளைச் சேர்த்துப் பிணைத்து, மேலே பலகை பரப்பியிருப்பர். இரு கரைக்கும் குறுக்கே கயிறோ கம்பியோ கட்டியிருக்கும். பாதைக்காரர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பர். பாதை மெல்ல நகரும். ஆழம் குறைந்த இடத்தில் நீண்ட கம்பால் ஊன்றுவதும் உண்டு. பிற்காலத்தில் சில துறைகளில் இயந்திரப் படகு பூட்டினர்.

வான் வந்து நின்றதும் சாரதி தவிர எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இரண்டு பலகைகளைக் கரையிலிருந்து மேடைக்குச் சாய்த்துவைப்பர். சாரதி சில்லுகளைப் பலகைக்கு நேராக்கி, பாதைக்காரர் கைகாட்டக் காட்ட ஏற்றுவார். சில்லுக்குக் கல் அணை கொடுத்த பின்னரே ஆட்கள் ஏறலாம். ஒரு தடவைக்கு ஏறக்கூடியவை சில வாகனங்களே. லொறியொன்று முன்னால் நின்றால் வான் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மாரியில் கங்கை பெருகினால் பாதை ஓடாது. பொழுதுபட்டாலும் ஓடாது.

இதனால் துறையடி என்பது ஒரு சிற்றூர் போலவே ஆகிவிடும். தேத்தண்ணிக் கொட்டில், வெற்றிலைக் கடை, கருவாட்டுக் கூடையோடு நிற்கும் பெண்கள், தயிர்ச் சட்டி சுமந்தவர்கள், வயலுக்குப் போகும் உழவு இயந்திரம், காவடியோடு வந்த அடியார்கள் எல்லோரும் ஒரே மரநிழலில் நிற்பர். கிண்ணியாவும் மூதூரும் முஸ்லிம் மக்கள் பெருவாரியாக வாழும் ஊர்கள். இடையிடையே தமிழ்க் கிராமங்கள். அப்பால் சேருவிலப் பக்கம் சிங்கள மக்கள். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர். துறையில் முதலில் வந்தவன் முதலிற் போவான் என்பதே சட்டம்.

ஓர் இரவு

எம் குடும்பத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். 1975 ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. வாடகைக்குப் பிடித்த வானொன்றில் வெருகல் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தம்பிக்கு வழியிற் காய்ச்சல் கண்டது. மூதூர் கடந்து ஒரு துறையை அடைந்தபோது பொழுது பட்டுவிட்டது. பாதையை அக்கரையிற் கட்டிவிட்டு ஆட்கள் போய்விட்டனர். பிள்ளைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது; அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

துறையடியிற் குடியிருந்த முதியவர் ஒருவர் விளக்கோடு வந்தார். பாதையிற் கயிறிழுக்கும் முஸ்லிம் பெரியவர் அவர். அப்பா "காக்கா, பாதையை ஒருக்கா விடேலாதா?" என்று கேட்டார். அவர் ஆற்றைப் பார்த்தார். "இருட்டில பாதை விடுறதுக்கு நாலு பேர் வேணும் தம்பி. வான் கிடக்கட்டும். தாயையும் பிள்ளையையும் தோணியில ஏத்துங்க" என்றார். தாமே கம்பு ஊன்றினார். நானும் அம்மாவோடு ஏறிக்கொண்டேன். தோணி நடுவாற்றிற் போகும்போதே அக்கரையை நோக்கிக் குரல் கொடுத்தார். அங்கிருந்த ஒருவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து பெட்டியில் வைக்கோல் பரப்பினார். அடுத்த துறைக்கும் சைக்கிளில் ஆள் போயிற்று. நாங்கள் போய்ச் சேர அங்கும் தோணி ஆயத்தமாய் நின்றது. கிண்ணியாவை அடைந்து தம்பிக்கு மருந்து கொடுத்தபோது நடுச்சாமம்.

மறுநாட் காலை அப்பா வானோடு வந்து சேர்ந்தார். பெரியவருக்குக் காசு கொடுத்தாராம்; அவர் வாங்கவில்லை. "அடுத்த வருசம் கோயிலுக்கு வரக்குள்ள பிள்ளையைக் காட்டிப்போட்டுப் போங்க" என்றாராம். அடுத்த ஆண்டு காட்டினோம். அந்தத் தம்பி இன்று பேரன் கண்டவன். பெரியவரின் பெயரை அப்பா கேட்டறிந்திருப்பார், எனக்குத் தெரியாது. காக்கா என்றே எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறோம்.

வெருகலம்பதி

இவ்வழியின் நடுநாயகமாக விளங்குவது வெருகலாற்றங்கரையிலுள்ள சித்திர வேலாயுத சுவாமி கோயில். திருகோணமலை மாவட்டமும் மட்டக்களப்பு மாவட்டமும் அந்த ஆற்றிற் சந்திக்கின்றன. ஆதலால் இரு பகுதி மக்களுக்கும் அது பொதுக் கோயில். கோயில் மதில் கட்டிய திருப்பணியைக் கூறும் பழைய கல்வெட்டில் கயிலாய வன்னியனார் பெயர் காணப்படுகிறது. வன்னியர் ஆட்சி நிலவிய காலத்திலேயே இங்கு பெருங்கோயில் இருந்தமைக்கு அது சான்று.

ஆவணித் திருவிழாவுக்கு வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் அடியார்கள் நடந்து வருவர். வடக்கிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்களும் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோயில், உகந்தை என்று இக்கரையோரமாகவே போவது மரபு. பஸ்ஸும் வானும் வருமுன்பே, தார் வீதி போடுமுன்பே, அடியார்களின் காலடியால் உண்டான வழி இது. வெருகலாற்றிற் குளித்து, வேலவனைத் தொழுது, அதன் பின்னரே அக்கரைக்குப் போவர்.

மட்டக்களப்பு எல்லையிலும் இவ்வாறே. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்துக்குத் தேர் பார்க்கப் போனவர்கள் மண்முனைத் துறையிற் பாதை ஏறினர். வாய்கட்டிப் பூசை நடக்கும் மண்டூர் முருகனைக் காணப் போனவர்கள் குருமண்வெளித் துறையிற் பாதை ஏறினர். மட்டக்களப்பு நகரையும் கல்லடியையும் இணைத்து இரும்புப் பாலம் கட்டியது 1924 இல்தான். அதற்கு முன் அங்கும் தோணியே. கிழக்கிற் கோயிலுக்குப் போவதென்றால் நீர் கடப்பது என்றே பொருள்.

புயலும் போரும்

1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பையே புரட்டிப் போட்டது. தென்னந்தோப்புகள் ஒரே இரவில் அழிந்தன; நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், வாகரைக் கரைகளைத் தாக்கியது. இவை இயற்கையின் செயல்.

மனிதர் செயலையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து இவ்வழியில் இனத்துக்கு இனம் அச்சம் வளர்ந்தது. ஒரே மரநிழலில் நின்றவர்கள் ஒருவர் ஊரை ஒருவர் கடக்க அஞ்சினர். கதிர்காம யாத்திரையும் தடைப்பட்டது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதையொட்டிப் பெரும்போர் மூண்டது. ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்ப் பக்கம் அகதிகளாய் நடந்தனர். மூதூர்க் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் வாழ்ந்த தமிழ் மக்கள் வெருகலாற்றைக் கடந்து தெற்கே கதிரவெளிக்கும் வாகரைக்கும் ஓடினர். நவம்பர் 8 இல் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் விழ, பலர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரையிலிருந்தும் மக்கள் ஓடவேண்டி வந்தது. காவடியோடு கடந்த ஆற்றையே மூட்டை முடிச்சோடு கடந்த கதை அது.

பாலங்கள் வந்தபின்

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபிய நிதியுதவியிற் கட்டிய அப்பாலம் 396 மீற்றர் நீளமானது. அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு உதவியோடு உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் ஆகிய இடங்களிலும் பாலங்கள் எழுந்தன. 2013 இல் கல்லடியிற் புதுப் பாலமும் 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. நாள் முழுதும் எடுத்த பயணம் சில மணி நேரமாயிற்று.

இது நல்லதே. பழமை பேசும் முதியவர்கள் சிலர் "பாதையில் போன சுகம் வருமா?" என்பர். அவர்கள் 2021 நவம்பர் 23 ஐ மறந்துவிடக் கூடாது. அன்று கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியிற் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அதற்குப் பதிலாக ஓடிய மிதவை கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. அவர்கள் பெற்றோரிடம் போய்ப் பாதையின் சுகத்தைப் பேச யாருக்கு வாய் வரும்? என் தம்பி பிழைத்தது ஒரு நல்ல மனிதரால். பாலம் இருந்திருந்தால் அம்மாவுக்கு அந்த இரவே வந்திராது. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆயினும் ஒன்று குறைகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு திருகோணமலையிலிருந்து வானிற் புறப்பட்டேன். குளிரூட்டிய வான், கண்ணாடி மூடியிருந்தது. பிள்ளைகள் நித்திரை. நானும் சற்றே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்ததும் சாரதியிடம், "தம்பி, வெருகலாறு எப்ப வரும்?" என்றேன். "அது எப்பவோ கடந்திட்டம் ஐயா. வாகரையும் வந்திட்டுது" என்றார். திருப்பச் சொன்னேன். பேத்தி கண்விழித்து, "என்ன தாத்தா, எதையும் விட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

திரும்பிச் சென்று கோயிலிற் கும்பிட்டோம். பிறகு ஆற்றங்கரைக்கு இறங்கினோம். பழைய துறை இருந்த இடத்தைத் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். பேத்தி நீரிற் கால் வைத்துவிட்டு, "இவ்வளவு பெரிசா? மேலிருந்து பார்த்தால் சின்னதாத் தெரியுதே" என்றாள்.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, நம் மன்றத்தவர் பலர் பள்ளி விடுமுறையிற் பிள்ளைகளோடு தாயகம் செல்கின்றனர். கோணேசரைத் தரிசித்துவிட்டு மட்டக்களப்புக்கு ஒரே ஓட்டமாகப் போவோர் அதிகம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியற்காலையிற் புறப்படுங்கள். தம்பலகாமத்தில் ஆதிகோணேசரை வணங்குங்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ வானை நிறுத்தி, அங்குள்ளவர்களோடு நாலு வார்த்தை பேசித் தேத்தண்ணி குடியுங்கள். வெருகலிற் கட்டாயம் இறங்குங்கள். முடிந்தவர்கள் ஆவணியிற் போங்கள், திருவிழாவையும் காணலாம்.

இங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. நம் மன்றத்திலுள்ள மூதூர், சம்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று, வாகரைப் பக்கத்து முதியவர்களிடம், துறைகளில் தாம் கண்டவற்றையும், பாதைக்காரரின் பெயர்களையும் கேட்டு எழுதிவையுங்கள். எழுத இயலாதவர்கள் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதட்டும். எங்கள் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்ட ஒரு பெயர் இனிக் கிடைக்காது. உங்கள் வீட்டிலிருக்கும் பெயர்கள் இன்னும் கிடைக்கும்.

வெருகல் வேலவன் எல்லோரையும் காப்பானாக.